எடுக்கப்படாத இரத்தம்

1987ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. எழுத்தர்களுக்கு மேலாளான தலைமைக் கிராணி அப்பளசாமி ஒரு கோப்பைக் கொண்டுவந்து அமராவதியின் தட்டச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். கோப்பின் நெற்றியில் சிவப்பு மையில் ‘சூலிட்’ என்று முத்திரை குத்தியிருந்தது. மலாயில் இரகசியம் என்று பொருள்.

“பதினாலு பக்கம். மூணு பிரதி. கார்பன் தாள் ஆறு தர்றேன். முடிஞ்சதும் ஆறையும் பின்னால டிரம்முல போட்டுக் கொளுத்தணும். எரிப்புப் பொஸ்தகத்துல நான் கையெழுத்துப் போடுவேன்” என்றார்.

கோலசிலாங்கூரில் ஆற்றைப் பார்த்தபடி இருந்த அந்த அரசாங்க அலுவலகத்தில் அமராவதி சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. முந்தைய ஆண்டு முடிவில் அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தைக் கடுமையாக்கியபோது எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்து உறுதிமொழித் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். முன்பு அபராதத்தோடு விட வழியிருந்தது. இனி குறைந்தது ஓராண்டுச் சிறை, நீதிபதியே மனமிரங்கினாலும் குறைக்க முடியாது என்று அப்பளசாமி விளக்கிச் சொன்னார். அமராவதி அன்று அதைப் பெரிதாக நினைக்கவில்லை. தன் மேசைக்கு வருகிற தாளில் என்ன இரகசியம் இருந்துவிடப் போகிறது என்று இருந்தாள்.

முதல் இரண்டு பக்கத்தை விரல்கள் தாமாகவே அடித்தன. மூன்றாம் பக்கத்தில் ‘ஹாதர்லி தோட்டம்’ என்ற பெயர் வந்ததும் நின்றுவிட்டாள். அவள் பிறந்து வளர்ந்த தோட்டம் அது. பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து உள்ளே நாலு மைல். அம்மாவும் அப்பாவும் இறந்த பிறகு, தொழிலாளர் வரிசை வீடுகளான அதே லயத்தில் அக்கா அம்சவள்ளி வீட்டில்தான் அவள் இருந்தாள். அக்கா செம்பனைக் காட்டில் புல்லைக் கொல்லும் மருந்து அடிக்கிறவள். முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு பன்னிரண்டு வருடம்.

மார்ச் மாதம் ஒரு வேனில் தாதிகள் வந்து, மருந்து அடிக்கிற பெண்கள் எல்லாரையும் உட்காரவைத்து இரத்தம் எடுத்துக்கொண்டு போனதை அமராவதி அறிவாள். ஆளுக்கு ஒரு சின்ன அட்டை கொடுத்தார்கள். அக்காவின் எண் முப்பத்தேழு. இரண்டு மாதம் கழித்து, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் முருகையா வந்து, “எல்லாருக்கும் நல்லா இருக்காம், வேலையப் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு சரி.

ஒன்பதாம் பக்கம் ஓர் அட்டவணை. எண்கள் மட்டும், பெயர் இல்லை. ஏழு தோட்டங்களில் அறுபத்திரண்டு பெண்கள். அதில் நாற்பத்தொரு பேரின் எண்ணுக்கு எதிரே நட்சத்திரக் குறி. குறிக்குக் கீழே விளக்கம் இருந்தது: சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது, தெளிப்பு வேலையிலிருந்து உடனே விலக்க வேண்டும். முப்பத்தேழுக்கு எதிரே நட்சத்திரம் இருந்தது.

அடுத்த பக்கத்தை அவள் இரண்டு முறை படித்தாள். மருந்தைப் பற்றி நாட்டில் விவாதம் நடந்துகொண்டிருக்கிறது, வெளிநாட்டுச் சந்தையில் பனை எண்ணெய்க்கு எதிராகப் பேச்சு கிளம்பியிருக்கிறது, ஆகவே கொள்கை முடிவு வரும்வரை இந்த முடிவுகளைத் தொழிலாளர்களிடம் தெரிவிக்க வேண்டாம்.

கார்பன் பழசாகி எழுத்து மங்கிப்போனதால் அந்த அட்டவணைக்கு மட்டும் ஆறில் மிச்சமிருந்த புதுக் கார்பன் தாளை வைத்து அடித்திருந்தாள். அப்போது அவள் மனத்தில் திட்டம் எதுவும் இல்லை. சாயங்காலம் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றபோது, அப்பளசாமி தேநீர் குடிக்கக் கடைக்குப் போயிருந்தார். ஐந்து தாளை நெருப்பில் போட்டாள். ஆறாவதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். ஒரே ஒரு முறை பயன்பட்ட தாள் என்பதால் ஒவ்வோர் எண்ணும் கண்ணாடி போலத் தெரிந்தது. மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அப்பளசாமி திரும்பி வந்து, டிரம்மை எட்டிக்கூடப் பார்க்காமல், ‘ஆறு தாள் என் முன்னிலையில் எரிக்கப்பட்டது’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

பேருந்தில் வீடு திரும்பும் வழி முழுக்க, பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் தன் நெஞ்சையே பார்ப்பதுபோல் அவளுக்கு இருந்தது. வியர்வையில் மை கரைந்து தோலில் ஊதாவாக ஒட்டிக்கொண்டது. தேய்த்துத் தேய்த்துக் குளித்தும் இரண்டு நாள் போகவில்லை.

“அக்கா, நாளையிலேர்ந்து நீ மருந்து அடிக்கப் போகாத” என்றாள்.

அம்சவள்ளி சோற்றை வடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். “மண்டோர்கிட்ட என்னான்னு சொல்றது? என் தங்கச்சி போகாதன்னு சொல்லிச்சின்னா?”

“ஒடம்பு முடியலன்னு சொல்லு.”

“எனக்கு ஒடம்பு நல்லாதானே இருக்கு? இடுப்பு வலி எல்லாருக்கும் இருக்கறதுதான். என்னாடி, மொகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு? ஆபீசுல யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?”

அமராவதி நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள், அத்தான் வீரன் குலை வெட்டப் போயிருந்த நேரத்தில், கதவைச் சாத்திவிட்டுத் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முப்பத்தேழு என்ற எண்ணைக் காட்டினாள். அம்சவள்ளிக்கு மலாய் வாசிக்கத் தெரியாது. தங்கை சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் அவள் அழவில்லை. “லெட்சுமி நம்பரு முப்பத்தெட்டு. அவளுக்கு?” என்றாள்.

“அவளுக்கும்தான்.”

“வள்ளியம்மாளுக்கு? அவ நம்பரு நாப்பத்தி நாலு.”

“நாப்பத்தி நாலா? அவங்களுக்கும்.”

“நான் நின்னுட்டா என் பம்ப லெட்சுமியில்ல சேத்துத் தூக்குவா? பதினோரு பேரு நாங்க ஒண்ணா போறோம். எனக்கு மட்டும் சொல்லிட்டா போதுமா?”

“அக்கா, இது வெளிய தெரிஞ்சா என்னைய உள்ள வச்சிருவாங்க.”

“அப்ப எதுக்கு எடுத்தாந்த?” என்று கேட்டாள் அம்சவள்ளி. அமராவதி தாளை மடிக்கத் தொடங்கினாள்.

ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்த காளியண்ணன், ஓய்வு நாட்களில் நுகர்வோருக்கான ஒரு பயனீட்டாளர் குழுவை நடத்திவந்தார். தோட்டம் தோட்டமாகப் போய், மருந்து ஆபத்தானது, கையுறையும் முகமூடியும் கேளுங்கள் என்று பேசுவார். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, அக்டோபர் பதினெட்டாம் தேதி, ராசா என்ற ஊரில் ஒரு மண்டபத்தில் பொது விவாதம் ஏற்பாடு செய்திருந்தார். மருந்துக் கம்பெனியிலிருந்து ஒருவரும் கோலாலம்பூரிலிருந்து ஓர் அதிகாரியும் வருவதாக ஒத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் அக்காளும் தங்கையும் பத்தாங் பெர்ஜுந்தையில் காளியண்ணன் வீட்டுக்குப் போனார்கள்.

தாளைப் பார்த்ததும் அவர் அதை ஜன்னலுக்குக் கொண்டுபோய், நட்சத்திரங்களை விரலால் எண்ணி, மறுபடியும் எண்ணினார். அவரிடம் பயமே இல்லை என்பது அமராவதிக்குப் புரிந்தது. அதுதான் அவளைக் கலக்கியது.

“அண்ணே, கேள்வியா மட்டும் கேளுங்க. இந்தத் தாள வெளிய காட்டக் கூடாது. சத்தியம் பண்ணுங்க” என்றாள்.

“உன் பேரு என் வாயிலேர்ந்து வராது தங்கச்சி. தாளும் வெளிய வராது” என்றார் காளியண்ணன். அவர் மனைவி திலகம் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. லோரி பிடித்து ஐந்தாறு தோட்டத்து ஆட்கள் வந்திருந்தார்கள். அமராவதி கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கம்பெனிக்காரர் தண்ணீர் கிளாசைத் தூக்கிக் காட்டி, முறையாகக் கலந்தால் இந்த மருந்து சமையல் உப்பை விடக் கெடுதல் இல்லை என்றார். புல்லைக் கையால் வெட்ட ஆள் கிடைக்காத காலத்தில் விஞ்ஞானம் தந்த வரம் என்றார். காளியண்ணன் எழுந்து, அரசாங்கம் தோட்டத்துப் பெண்களின் இரத்தத்தைப் பரிசோதித்ததா, முடிவு எங்கே என்று கேட்டார்.

“அப்படி ஒரு பரிசோதனையே நடக்கவில்லை” என்றார் அதிகாரி, மலாயில், அமைதியாக. ஒருவர் அதைத் தமிழில் சொன்னார்.

அம்சவள்ளி எழுந்து நின்றாள். அமராவதி அவள் சேலையைப் பிடித்து இழுக்க நினைத்தாள். ஆனால் அக்கா எட்டாத தூரத்தில், தோட்டத்துப் பெண்களோடு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“அப்ப மார்ச்சு மாசம் எங்க கையில எடுத்த ரத்தம் எங்கங்க போச்சு?” என்று கேட்டாள் அம்சவள்ளி. “குத்தின எடம் மூணு நாளு வீங்கியிருந்துச்சு. எடுக்கலன்னு சொல்றீங்களே, என் கைய விட ஒங்க வாய நம்பச் சொல்றீங்களா?”

மண்டபமே கைதட்டியது. அதிகாரி முகம் மாறாமல், அது ஏதாவது தனியார் கிளினிக்காக இருக்கும், அரசாங்கத்திடம் அப்படிப்பட்ட எந்த ஆவணமும் இல்லை என்றார்.

அந்தச் சொல்தான் காளியண்ணனைக் கொடுத்த வாக்கை மீறச் செய்தது. “ஆவணம் இல்லையா?” என்று கத்திக்கொண்டே சட்டைப் பையிலிருந்து கார்பன் தாளை உருவி, ஜன்னல் பக்கமாகத் தூக்கிப் பிடித்தார். “நாப்பத்தோரு பேரு! நாப்பத்தோரு பேருக்குச் சிறுநீரகம் கெட்டுப் போச்சின்னு நீங்களே எழுதி வச்சிருக்கீங்க!”

எல்லாரும் தாளைப் பார்த்தார்கள். அவள் மட்டும் பக்கச் சுவரோரம் நின்ற ஆளைப் பார்த்தாள். அரைக்கைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. அவன் தாளைப் பார்க்கவில்லை. குனிந்து ஒரு சின்னப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாயும் நடக்கவில்லை. புதன்கிழமை தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சேலை கட்டி, வந்தவர்களுக்குப் பலகாரம் எடுத்துவைத்தாள். தோட்டத்துப் பாதையில் ஒரு கார் திரும்பினாலும் தட்டைக் கீழே வைத்துவிட்டு வாசலை எட்டிப் பார்த்தாள். “நீ ஒண்ணும் வாயத் தொறக்காத. எல்லாம் சரியாப் போவும் லா” என்று அத்தான் வீரன் சொன்னார். அவருடைய குரலிலேயே உறுதி இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலகத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். போலீஸ்காரர்கள், ஆனால் சீருடை இல்லை. அறிக்கை எந்த இயந்திரத்தில் அடிக்கப்பட்டது என்று பார்க்க, எல்லாத் தட்டச்சு இயந்திரத்திலும் ஒரே வாக்கியத்தை அடிக்கச் சொல்லித் தாள்களை எடுத்துக்கொண்டார்கள். பிறகு எரிப்புப் புத்தகத்தைக் கேட்டார்கள். அப்பளசாமியை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். இரண்டு மணி நேரம் கழித்து அவர் வெளியே வந்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அமராவதியின் மேசையைத் தாண்டித்தான் அவர் இடத்துக்குப் போக வேண்டும். தாண்டிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு அவளைக் கூப்பிட்டார்கள்.

வயதில் மூத்தவர் இனிமையாகப் பேசினார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். எந்தத் தோட்டம், வீட்டில் யார் யார், அக்கா என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டார். எல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்பது கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

“ராசா கூட்டத்துக்குப் போயிருந்தாயா?”

“போயிருந்தேன். தோட்டத்திலிருந்து எல்லாரும் போனார்கள்.”

“கார்பன் தாள் எத்தனை கொடுத்தார்கள்?”

“ஆறு.”

“எத்தனை எரிந்தது?”

அவள் பதில் சொல்வதற்குள் அவர் எரிப்புப் புத்தகத்தைத் திருப்பி அப்பளசாமியின் கையெழுத்தைக் காட்டினார்.

“ஆறையும் தானே வாங்கி, எண்ணி, தன் கையால் கொளுத்தியதாகத் தலைமைக் கிராணி சொல்கிறார். நீ பக்கத்திலேயே இல்லையாம். அப்படித்தானா?”

அமராவதி நிமிர்ந்தாள். அப்பளசாமிக்கு ஓய்வு பெற இன்னும் பதினாறு மாதம். தேநீர் குடிக்கப் போனேன், பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்ல முடியாமல் அந்த மனிதர் பொய்யைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதை ஒத்துக்கொண்டால் அவள் தப்பிக்கலாம். நாளை உண்மை வெளியே வந்தால் இருவரும் சேர்ந்து உள்ளே போக வேண்டும். மறுத்தால் இந்த நிமிடமே முடிந்தது.

“ஆமாம். அவரே எரித்தார்” என்றாள்.

அவர் புத்தகத்தை மூடினார். “சரி, போ. மறுபடியும் வருவோம்” என்றார்.

சாயங்காலம் மிதிவண்டிக் கொட்டகையில் அப்பளசாமி நின்றுகொண்டிருந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “நான் ஒனக்காகச் சொல்லல. எனக்காகச் சொன்னேன்” என்றார். “நீ என்ன பண்ணினேன்னு நான் கேக்கப் போறதில்ல. இனிமே வேலைய விட்டு வேற பேச்சு எங்கிட்ட வேணாம்.” அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, இருபத்தேழாம் தேதியிலிருந்து, நாடெங்கும் ஆட்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், விசாரணை கிடையாது. சில செய்தித்தாள்களை நிறுத்திவிட்டார்கள். அலுவலகத்தில் யாரும் யாரிடமும் பேசவில்லை. தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. வியாழக்கிழமை காலை, தொழிற்சாலை வாசலில், வேலைக்கு நுழையும்போதே காளியண்ணனைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று வீரன் வந்து சொன்னார்.

அன்று முதல் அமராவதி சோற்றைப் பிசைவாள், உண்ண மாட்டாள். அவர் சட்டைப் பையில் அந்தத் தாள் இருந்திருக்குமா? அவரை அடிப்பார்களா? எத்தனை அடி தாங்குவார்? சொன்ன சொல்லை மீறியவர் மீது கோபப்படக்கூட முடியாமல், அவர் உடம்பு தாங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அந்த வேண்டுதல் அவருக்காகவா தனக்காகவா என்று நினைக்கும்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து, பத்தாங் பெர்ஜுந்தையில் பேருந்து நின்றபோது திலகம் ஏறினாள். காலி இருக்கைகள் எத்தனையோ இருந்தும் அமராவதியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஜன்னலைப் பார்த்தபடி, உதடு அசையாமல் பேசினாள்.

“தாளு இல்ல. கூட்டம் நடந்த அன்னிக்குச் சாயங்காலமே அவரு பையிலேர்ந்து எடுத்து அடுப்புல போட்டுட்டேன். ஏன் போட்டேன்னு எங்கிட்ட சண்ட புடிச்சாரு.”

அமராவதி அவள் பக்கம் திரும்பாமல் கேட்டாள். “அவரு எப்படி இருக்காரு அக்கா?”

“பாக்க விடல. ஒன் பேரச் சொல்ல மாட்டாருன்னுதான் நெனைக்கிறேன். ஆனா எத்தன நாளுக்குன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது.” அடுத்த நிறுத்தத்திலேயே திலகம் இறங்கிவிட்டாள். அவள் எங்கும் போவதற்காக ஏறவில்லை.

தோட்டத்திலோ, தீபாவளி விடுமுறை முடிந்த மறுநாளே பதினொரு பெண்களும் பம்புகளை ஸ்டோர் வாசலில் வரிசையாக இறக்கிவைத்துவிட்டு நின்றுவிட்டார்கள். முருகையா கத்தினார். மேனேஜர் வந்து பேசினார். பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்து காட்டுங்கள், பிறகு தூக்குகிறோம் என்றாள் அம்சவள்ளி. கைது செய்தி வந்ததும் கூட்டம் கலைந்தது. மூன்று பேர் மறுபடியும் பம்பைத் தூக்கினார்கள். அதில் ஒருத்தி வள்ளியம்மாள். “எனக்குச் சிறைக்குப் போற தெம்பு இல்ல அம்சு. கோச்சுக்காத” என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு காட்டுக்குள் போனாள். மற்ற எட்டுப் பேரையும் உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். சம்பளம் குறைந்தது. வேலை போகவில்லை.

நவம்பரில் கிள்ளான் ஆஸ்பத்திரியில் அம்சவள்ளியைப் பார்த்த டாக்டர், நல்ல நேரத்தில் வந்தீர்கள், இதற்கு மேல் மருந்துப் பக்கமே போகக்கூடாது என்றார். யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டார். அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. “சும்மா ஒரு சந்தேகம் டாக்டர்” என்றாள் அம்சவள்ளி.

காளியண்ணனை இரண்டு மாதம் கழித்து விடுதலை செய்தார்கள். மெலிந்து, பேச்சுக் குறைந்து வந்தார். தொழிற்சாலை அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் அமராவதியின் பெயரைச் சொல்லவில்லை என்பது, யாரும் அவளைத் தேடி வராததால்தான் அவளுக்குத் தெரிந்தது. மறுபடியும் வருவோம் என்றவர்கள் வரவில்லை. ஆனால் வரமாட்டோம் என்றும் யாரும் சொல்லவில்லை. வேலையை விட்டால் அதுவே ஒப்புதல் ஆகிவிடும் என்று பயந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தாள். அந்த அறிக்கை கடைசிவரை வெளியே வரவில்லை.

மறு ஆண்டு ஜூன் மாதம் வள்ளியம்மாள் செத்துப்போனாள். கால் வீங்கி, முகம் வீங்கி, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிற்பகல் வெயிலில் லயத்து வாசலில் கிடத்தியிருந்தார்கள். தோட்டமே வந்திருந்தது. மண்டோர் முருகையாவும் தோட்டத்து ஆபீஸ் கிராணியும் ஒரு பக்கமாக நின்றிருந்தார்கள். அவர்களோடு அமராவதி முன்பின் பார்த்திராத ஆள் ஒருவனும் நின்றான்.

வள்ளியம்மாளின் புருஷன் சேது தரையில் உட்கார்ந்திருந்தவர், அமராவதியைக் கண்டதும் எழுந்து வந்தார். “நீ அரசாங்க ஆபீசுல இருக்கிறவ தங்கச்சி. அன்னிக்கு ராசாவுல காளியண்ணன் எதையோ காட்டினாரே, அது நெசமா? இவ ரத்தத்தப் பத்தி அங்க ஏதாச்சும் எழுதி வச்சிருக்காங்களா? இல்ல, நாங்கதான் சும்மா பேசிக்கிட்டுத் திரியிறமா?”

அம்சவள்ளி கூட்டத்தின் அந்தப் பக்கத்திலிருந்து, வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தாள். தெரியாத ஆள் கழுத்தைத் திருப்பினான். எனக்கென்ன தெரியும் அண்ணே என்ற வார்த்தை அமராவதியின் வாய் வரைக்கும் வந்துவிட்டது.

“எழுதி வச்சிருக்காங்கண்ணே” என்றாள். எல்லாருக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னாள். “இவங்க நம்பரு நாப்பத்தி நாலு. மருந்து அடிக்கக் கூடாதுன்னு போட்டிருந்துச்சு. நானே என் கையால டைப் அடிச்சேன்.”

சேது, யாரோ அடித்ததுபோல் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அம்சவள்ளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து தங்கையின் கையைப் பிடித்தாள். லெட்சுமி வந்து மறு பக்கம் நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

தெரியாத ஆள் முருகையாவிடம், அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டான். முருகையா வள்ளியம்மாளின் முகத்தைப் பார்த்தார், பிறகு கீழே பார்த்தார். அவனுக்குப் பதில் சொல்லவில்லை.